முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

(அடிமை நாட்டில் ஒளிப்படம்: சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடிக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கொற்கைத் துறையின் முத்து யவனர் நாடு வரை சென்ற செய்தியைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கின்றனர். அம் முத்தின் எடைக்கு அளவு இருந்தது. நிறத்திற்குத் தரம் இருந்தது. ஏலத்திற்குக் கணக்கு இருந்தது. மூச்சை அடக்கி, காலில் கல்லைப் பற்றி, கடலடிக்கு இறங்கி அம் முத்துச் சிப்பியை அள்ளிவந்த மாந்தனின் பெயரை எழுதிவைக்க மட்டும் ஏடு இல்லாமற் போயிற்று.

19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படக் கருவி தமிழகத்திற்கு வந்தது. எதிரே நிற்பவன் அரசனா ஆண்டியா என்று பாராமல், உள்ளதை உள்ளவாறு பதியும் கருவி அது. அது வந்த பின்னரேனும் உழைத்தவன் உலகறிய நின்றானா? நின்றான். அவன் தோளும் மார்பும் தலைமயிரும் ஐயமறப் பதிந்தன. ஆனால் அப்படத்தின் அடியில் அவன் பெயர் எழுதப்படவில்லை. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. அந்நிலை எவ்வாறு நேர்ந்தது, அதைத் தமிழர் எவ்வளவு மாற்றினர், இன்னும் மாற்ற வேண்டுவது எது என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

கருவி வந்த வழி

பிரான்சு நாட்டில் தாகர் கண்ட முறை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1851இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் பசைநீர்மம் ஒன்றைப் பூசி, வெள்ளியுப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, ஈரம் உலருமுன்பே அதை உருத்துலக்கியும் முடித்தாக வேண்டும். எனவே படம் எடுப்பவர் இருட்டறையையும் கூடவே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. அந்நாளில் ஒளிப்படம் செல்வர் விளையாட்டாகவும் அரசின் கருவியாகவுமே இருந்ததற்கு இது முதற் கரணியம்.

சென்னையில் ஓவியப் பள்ளி நிறுவிய அலெக்சாந்தர் அண்டர் என்பாரின் முயற்சியால் 1856இல் ஒளிப்படக் கழகம் ஒன்று தோன்றியது. அதே ஆண்டில் இலின்னேயசு திரைப்பு என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். அவர் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெருங்கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி இணைத்து, ஒரே நீண்ட சுருளாக ஆக்கினார். செலவு மிகுதி என்று 1860இல் அப் பதவியையே அரசு எடுத்துவிட்டது.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் எத்தகையவை? அக் கோயிலில் பணிசெய்ய அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களை இராசராசன் ஒவ்வொன்றாக வெட்டுவித்தான். அப்பெண் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவள், எத் தெருச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியிருப்பவள் என்பனவும் அக்கல்லில் உள. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பேரரசன் ஒருவன் தன் கோயிற் பணிமகளிர் நானூற்றுவரின் பெயரும் முகவரியும் கல்லில் காத்தான். முகத்தைப் பதிக்கும் கருவி அவனிடம் இல்லை. பெயரைப் பதிக்கும் நெஞ்சம் இருந்தது.

அதனினும் முற்பட்ட சான்றும் உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கிடைத்த நடுகற்கள் 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட பழமை உடையன. ஆநிரை பற்றிய பூசலில் பட்டவனின் பெயரும் ஊரும் அவற்றுள் தமிழியில் வெட்டப்பட்டுள்ளன. வீழ்ந்தவன் பெரிய வேந்தன் அல்லன். ஊர்க்காகப் போரிட்ட ஒருவன். அவனுக்கும் பெயர் பொறித்துக் கல் நாட்டினர். இதுதான் தமிழர் நினைவு போற்றிய முறை. பெயரே முதலிற் பொறிக்கப்பட்டது. உருவம் அதற்குத் துணையாக நின்றது. ஒளிப்படத்தோடு வந்த வெள்ளையர் ஆட்சி இம் முறையைத் தலைகீழாக்கியது.

கட்டம் போட்ட திரை

ஒளிப்படத்தின் பின்னால் ஒரு திரை இருக்கும். அடிமை நாட்டில் இருவகைத் திரைகள் இருந்தன. முதலாவது, கட்டம் போட்ட திரை.

1869ஆம் ஆண்டில் இலாம்பிரே என்னும் ஆங்கிலேயர் ஒரு முறை வகுத்தார். மரச்சட்டத்தில் இரண்டு அங்குலத்திற்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அதன்முன் ஒருவனை ஆடை களைந்து நிறுத்திப் படமெடுப்பது அது. பின்னிற்கும் கட்டங்களை எண்ணினால் அவன் உயரமும் தோளகலமும் கால்நீளமும் விளங்கும். அதே காலத்தில் தாமசு அக்சிலி என்னும் அறிவியலாளர், குடியேற்ற நாட்டு மக்களை அளவுகோலோடு சேர்த்துப் படமெடுக்க வேண்டுமென்று நெறிமுறை எழுதித் தந்தார். 1890களில் அந்தமான் தீவு மக்களைப் போர்ட்மன் என்னும் அலுவலர் கட்டத் திரைமுன் நிறுத்திப் படமெடுத்தார். வணிகன் சரக்கை எடைபோடும் முறைக்கும் இம் முறைக்கும் வேற்றுமை யாது? சரக்குக்குப் பெயர் வேண்டியதில்லை. வகை தெரிந்தாற் போதும்.

1868 முதல் 1875 வரை வாட்சன், கே என்னும் இருவர் தொகுத்து, இந்திய மக்களைப் பற்றி எட்டுத் தொகுதிகளை வெளியிட்டனர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், ஆளப்படுவோர் யார் யார் என்று ஆள்வோர் அறிந்துகொள்ள வேண்டிய தேவை எழுந்த காலம் அது. 460க்கு மேற்பட்ட படங்கள் அத்தொகுதிகளில் உள. பெரும்பாலானவற்றின் அடியில் காணப்படுவது குலப்பெயரும் இடப்பெயருமே. நிற்பவர் தம் தாய் அழைத்த பெயரால் அங்கே அழைக்கப்படவில்லை.

இவ் வரிசையில் தமிழகத்திற்கு நெருக்கமானவர் எட்கர் தர்சுட்டன். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர். 1889இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது நேரில் வந்து பார்த்தார். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புப் பற்றிய குறிப்புகளை 1890இல் நூலாக்கினார். சிப்பியின் வாழ்வு, கடலடிப் பார்களின் நிலை, ஏல விலை, குளிப்பவர் நீருக்குள் தங்கும் நேரம் என எல்லாவற்றையும் நுணுகிக் குறித்தார். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே குளித்தவருக்கு என்பதும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடற்கட்டி’க்கும் அங்கே இடம் இருந்தது என்பதும் அவர் வழி அறியப்படுகின்றன. உழைப்பாகத்தான் அவ் வெழுத்து நிற்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை.

அதே தர்சுட்டன்தான் தலைகளை அளக்கும் இடுக்கியைக் கையிற் கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். 1901இல் தொடங்கிய அரசின் இனவியல் அளவாய்வில் சென்னை மாகாணப் பொறுப்பு அவருடையது. அரங்காச்சாரி என்பாரின் துணையோடு அவர் ஆக்கிய தென்னிந்தியக் குலங்களும் பழங்குடிகளும் பற்றிய நூல் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் அச்சான படங்களின் அடியை நோக்குக. குலத்தின் பெயர் இருக்கும். தொழிலின் பெயர் இருக்கும். பெயருக்குரிய மாந்தன் இரான். மூக்கின் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் எழுத நேரம் இருந்த ஆராய்ச்சிக்கு, ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்டு ஒரு சொல் எழுத நேரம் இல்லை!

சீட்டில் ஒட்டிய முகம்

அருங்காட்சியகத்திற்கு வெளியே இன்னொரு தேவையும் ஒளிப்படத்தைப் பிடித்துக்கொண்டது. அது தோட்ட முதலாளியின் தேவை.

தமிழகத்தின் தென்கோடியிலிருந்து ஏழைகள் கடல்கடந்து சென்ற காலம் அது. 1876இல் தூத்துக்குடிக்குத் தொடர்வண்டி வந்தது. 1914இல் தனுக்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை, கொழும்புக்குச் செல்வோரின் பெருவழி தூத்துக்குடித் துறையே. நெல்லைச் சீமையின் வறட்சியில் வாடிய குடும்பங்கள் இக்கரையில் நின்று ஈழத்து மலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறின.

அவ் ஈழத்திற்கு 1875இல் குடிவந்து 1879இல் அங்கேயே மறைந்த ஆங்கில அம்மையார் சூலியா மார்கரெட்டு கேமரன், உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்குப் பெயர் உண்டு: புலவர் தென்னிசன், அறிவியலாளர் தார்வின், வானியலார் எர்செல் என்று. ஈழத்தில் அவர் களுத்துறைப் பகுதியிலிருந்து உழைப்பாளிகளையும் படமெடுத்தார். அவர்களிற் பலர் தமிழர் என ஆய்வாளர் கருதுகின்றனர். அப்படங்களில் ஒன்றன் பெயர், களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பது. அதே கை, அதே கண், அதே கருவி. அங்கே மாந்தர், இங்கே கூட்டம். கலைஞரின் தனிக் குற்றம் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. அடிமை ஆட்சி என்பது நல்லவர் கையையும் தன் பழக்கத்திற்கு வளைத்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

மொரீசுத் தீவில் நடந்தது இதனினும் கடிது. ஒப்பந்தக் காலம் முடிந்த கூலியாட்கள் எங்கும் திரிந்துவிடக் கூடாதென்று, அவர்கள் தம் ஒளிப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமென 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சீட்டில்லாதவன் திரிபவன் எனப் பிடிக்கப்பட்டான். தன் முகத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ‘இவன் நான்தான்’ என்று காவலனுக்கு மெய்ப்பிக்க வேண்டிய இழிநிலை உழைத்தவனுக்கு நேர்ந்தது. பழைய குடியேறிகள் மேல் நிகழ்ந்த அடக்குமுறைகளை எதிர்த்து, அடால்பு தெ பிளெவிட்சு என்பாரின் துணையோடு 1871இல் 9,401 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் அளிக்கப்பட்டது. அதன்பின் அரச உசாவற்குழு வந்தது.

ஆனால் வரலாற்றின் போக்கைக் காண்க. அடிமைப்படுத்த எடுத்த அப்படங்கள் மொரீசில் மோகா என்னுமிடத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள. படத்தோடு பெயரும், தந்தை பெயரும், ஊரும் குறிக்கப்பட்டிருந்தமையால், அவ் உழைப்பாளிகளின் கால்வழியினர் அங்கே சென்று தம் முன்னோரைத் தேடிக் கண்டெடுக்கின்றனர். பெயர் சிதைந்து எழுதப்பட்டிருந்தாலும், அச் சிதைந்த பெயரே பேரனுக்குப் பாட்டனைக் காட்டிக் கொடுக்கிறது. அறிஞர் எடுத்த அருங்காட்சியகப் படங்களிலோ எந்தப் பேரனும் தன் பாட்டனைக் கண்டுகொள்ள வழியில்லை. பகைவன் எழுதிய பெயர்கூட ஒருநாள் உதவும். எழுதாத பெயர் என்றும் உதவாது.

சோலை தீட்டிய திரை

இனி இரண்டாவது திரைக்கு வருவோர், ஒளிப்படக் கூடத்திற்குள் நுழைய வேண்டும். ‘இசுடூடியோ’ என்று மக்கள் சொல்லிவந்த கூடம் அது.

1854இல் பிரான்சு நாட்டுத் திசுதேரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். படத்தின் விலை வீழ்ந்தது. சென்னையில் நிக்கோலசு, வீலி–கிளைன் முதலிய வெள்ளையர் கூடங்களும், கொழும்பில் இசுகீன், பிளேட்டே முதலிய கூடங்களும் பெயர்பெற்றன. 1880களில் உலர்தகடு பரவியபின் தொழில் எளிதாயிற்று. இந்நாட்டவரும் கூடம் அமைத்தனர். தில்லி முதல் ஐதராபாத்து வரை புகழ்பெற்ற தீனதயாளர் (1844–1905) அத்தகையோரில் முதல்வர். தமிழக நகரங்களிலும் தமிழர் நடத்திய கூடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

கூடத்தின் அமைப்பு எளியது. மின்விளக்கு இல்லாத காலத்தில் கூரையில் ஒருபுறம் கண்ணாடி பதித்து, வெயில் நேரே படாமல் வெளிச்சம் மட்டும் இறங்கச் செய்வர். பின்னால் தீட்டிய திரை. அதில் மேலைநாட்டுச் சோலை, ஏரி, மாளிகைத் தூண். முன்னால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, அதன்மேல் பூச்சாடியும் தடித்த நூலும். சில நொடி அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், படத்தில் தெரியாதவாறு தலையைப் பின்னாலிருந்து தாங்க இரும்புக் கவை. படம் முடிந்தபின், எதிர்ப்படிவத் தகட்டில் கரிக்கோலால் தீட்டிச் சுருக்கத்தையும் வடுவையும் மறைப்பர்; கரிய மேனியை வெளுத்துக் காட்டுவதும் திறமை எனப்பட்டது. பின்னர் தடித்த அட்டையில் ஒட்டுவர். அட்டையின் அடியில் கூடத்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பொன்னெழுத்தாய் மின்னும்.

இங்கே எள்ளல் எளிது. பனையும் உடையும் உப்பளமும் சூழ்ந்த சீமையில் பிறந்தவன் இங்கிலாந்துச் சோலையின்முன் அமர்ந்திருக்கிறான். படிக்கத் தெரியாதவன் கையில் ஆங்கில நூல். கரிய அழகன் வெளுத்துப் போயிருக்கிறான். இது அடிமை நெஞ்சம் இல்லையா? ஆம், அதில் அடிமை நெஞ்சம் உண்டு. ஆனால் அது மட்டுமே அன்று. கட்டத் திரைமுன் நின்றவன் நிறுத்தப்பட்டவன். சோலைத் திரைமுன் அமர்ந்தவன் தானே வந்து அமர்ந்தவன். அங்கே உடை களையப்பட்டது. இங்கே தன்னிடம் உள்ளவற்றுள் நல்ல உடையைத் தானே தேர்ந்து உடுத்தான். அங்கே படம் ஆட்சியாளன் ஏட்டுக்குச் சென்றது. இங்கே தன் வீட்டுச் சுவருக்கு வந்தது. தன்னை எவ்வாறு காட்ட வேண்டும் என்று தானே முடிவுசெய்யும் உரிமை, அடிமை நாட்டில் சிறிதேனும் கிடைத்த இடங்களுள் ஒளிப்படக் கூடமும் ஒன்று. அவ்வுரிமைக்கு அவன் கொடுத்த விலைதான் அந்த வெளிநாட்டுச் சோலை.

அவ்வுரிமையும் எல்லார்க்கும் கிட்டவில்லை. குறுநில மன்னர், வணிகர், வழக்குரைஞர், அலுவலர், கிறித்தவ குருமார் ஆகியோரே முதலில் கூடத்திற்குச் சென்றனர். படம் எடுத்தால் வாழ்நாள் குறையும் என்ற அச்சமும் மக்களிடம் இருந்தது. வீட்டுப் பெண்டிர் கணவரோடு வந்து நிற்கவே நெடுநாள் ஆயிற்று. வாழ்நாளெல்லாம் படமெடுக்காத முதியவர் இறந்தபின், அவர் உடலை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, சுற்றத்தார் சூழ நின்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. வேற்றவர்க்கு அது அச்சமாகத் தோன்றலாம். நடுகல் நட்ட மரபினர்க்கு அதன் பொருள் விளங்கும்: மறைந்தவர் முகம் மறையக்கூடாது என்னும் தவிப்பே அது.

வள்ளலார் இராமலிங்க அடிகளைப் படமெடுக்கப் பலமுறை முயன்றும், வெண்ணிற ஆடை பதிந்ததன்றி உருவம் பதியவில்லை என்று அன்பர்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். 1874இல் அவர் மறைந்தார். இன்று வழிபாட்டில் உள்ள உருவம் கையால் தீட்டப்பட்டதே. முகம் கிடைக்காவிடினும் அவர் பெயரும் பாட்டும் கிடைத்தன. அதனால் அவர் தமிழர்க்கு இல்லாமற் போகவில்லை. இதுவும் அதே பாடத்தையே கற்பிக்கிறது.

கப்பலோட்டியவரின் படம்

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்தம்பர் 5ஆம் நாள் பிறந்த வ.உ. சிதம்பரனார், தூத்துக்குடியில் வழக்குரைஞராய் விளங்கியவர். 1906ஆம் ஆண்டு அக்தோபர் 16இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையரின் கப்பல் குழும்புக்கு எதிராகத் தமிழர் கப்பலை ஓட்டினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12இல் சிறைப்பட்டார். சூலை 7இல் இரட்டை வாழ்நாள் தண்டனை பெற்றார். அது பின்னர்க் குறைக்கப்பட்டு, 1912 திசம்பரில் விடுதலை ஆனார்.

அவருடைய படம் தமிழர் வீடுகளில் உண்டு. தலைப்பாகையும் மேற்சட்டையும் அணிந்த வழக்குரைஞர் கோலம். அயல்நாட்டுப் பொருளைத் துறக்கச் சொன்னவர், அயல்நாட்டு ஆடியின்முன் அமர்ந்திருக்கிறார். இதில் முரண் காண்போர் பொருளை உணராதார். கப்பலும் அயல்நாட்டில் கட்டியதுதான். காலியா, இலாவோ என்னும் அவ்விரு கப்பல்களும் ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்டவை. எவன் கட்டினான் என்பதைவிட எவன் ஓட்டுகிறான், எவனுக்காக ஓட்டுகிறான் என்பதே அவர் கேட்ட வினா. ஒளிப்படத்திற்கும் அதே வினாதான்.

இனி, இல்லாத ஒரு படத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கோவைச் சிறையில் சிதம்பரனார் செக்கிழுத்தார். தலைகளை அளந்து படமெடுத்த அரசு, கூலிகளின் முகத்தைச் சீட்டில் ஒட்டிய அரசு, அக் காட்சியைப் படமெடுத்து வெளியிடவில்லை. ஆள்வோர் தமக்கு வேண்டியதைக் காட்டுவர். நாணத் தக்கதை மறைப்பர். ஆயினும் அச் செக்கு அழியவில்லை. சென்னைக் கிண்டியில் மக்கள் பார்வைக்கு அது நிற்கிறது. படம் இல்லாத குறையைக் கல்லும், நண்பர் எழுத்தும், மக்கள் நினைவும் தீர்த்தன. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படம் வந்தபோது, தமிழர் கண்ணால் காணாத காட்சியைக் கண்டு அழுதனர். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியிலேயே மறைந்த அவர் பெயரை அத்துறைமுகம் 2011 முதல் தாங்கி நிற்கிறது.

எட்டையபுரத்தில் பிறந்த பாரதியாருக்கு இன்று கிடைத்துள்ள ஒளிப்படங்கள் ஐந்தே. செல்லம்மாளோடு புதுச்சேரியில் எடுத்துக்கொண்டதும், 1919இல் காரைக்குடியில் எடுத்ததும் அவற்றுள் அடங்கும். அந்த ஐந்து சிறு அட்டைகள் இல்லையேல், அவர் கண்ணின் கூர்மையைத் தமிழுலகம் கண்டிராது. தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறைசென்று 1914 பிப்பிரவரி 22இல் 16 அகவையில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் முகமும் ஒளிப்படத்தாலேயே தெரிய வந்தது. தோழர்கள் படத்தோடு பெயரையும் போற்றினர், ஆதலால் அவள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வள்ளியம்மையாகவே வாழ்கிறாள்.

தூத்துக்குடிக் கடற்கரையில், 1911 சூன் 17இல் மணியாச்சியில் சுடப்பட்ட ஆசு துரைக்கு எழுப்பிய நினைவு மண்டபம் பெயரோடு நிற்கிறது. அதே கடலில் மூழ்கி எழுந்த தலைமுறைகளுக்கு ஒரு பெயர்ப்பட்டியேனும் உண்டா? 1955 முதல் 1961 வரை நடந்ததே இக்கரையின் கடைசி அரசு முத்துக்குளிப்பு. அப்போது நீரில் குதித்த இளைஞர் பலரும் இன்று முதுமையின் எல்லையில் இருப்பர். மறைந்தோரே மிகப் பலர்.

சொல்லும் செயலும்

கருவியை வெறுப்பது தீர்வன்று. 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாயிற்று. அன்றீக்கே அடிகளார் அதை முத்துக்குளித்துறை மக்களுக்காகவே தமிழில் ஆக்கினார். அச்சுப்பொறி போர்த்துக்கீசியர் கொணர்ந்தது, எழுத்து தமிழ். பின்னாளில் அதே அச்சுப்பொறி தமிழிலக்கியத்தை மீட்டெடுத்தது. ஒளிப்படமும் தமிழ் பேசும், பேசச் செய்தால்.

அதன் பெயரிலிருந்தே தொடங்கலாம். 1839இல் எர்செல் இட்ட கிரேக்கப் பெயருக்கு ஒளியால் எழுதுவது என்பது பொருள். தமிழில் அதைப் ‘புகைப்படம்’ என்றனர். அக்காலத்தில் வெளிச்சத்திற்காக எரித்த மருந்துத்தூளின் புகை கண்டு இட்ட பெயர் என்பர் சிலர். படத்தை ஆக்குவது புகையா? ஒளியே ஆக்குகிறது. ஆதலால் ‘ஒளிப்படம்’ என்பதே மெய்ப்பொருள் உணர்த்தும் சொல். ‘நிழற்படம்’ என்பாரும் உளர்; அதுவும் தமிழே. சொல் தெளிந்தால் பொருள் தெளியும்.

சொல்லைத் திருத்தியதோடு நின்றால் போதாது. கடலோரத்து ஈரமும் உப்புக்காற்றும் பழைய தகடுகளில் பூஞ்சையை வளர்க்கின்றன. கூடங்கள் மூடப்பட்டபோது, கண்ணாடிக்காகவும் அதிலுள்ள வெள்ளிக்காகவும் விற்கப்பட்ட தகடுகள் பல. கல்கத்தாவின் புகழ்பெற்ற போர்ன்–செப்பர்டு கூடம் 1991இல் தீப்பற்றித் தன் பழம்படங்களை இழந்தது. 2016இல் மூடியே போயிற்று. தமிழகத்துக் கூடங்களின் பழம்படங்களைத் தேடி மின்னுருவாக்கும் பணியைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு செய்தது. நன்றி கூறத்தக்க பணி. ஆனால் தமிழர் பாட்டன் முகத்தைக் காக்கப் பாரிசிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கை நீள வேண்டியிருக்கிறது. தமிழர் கை எங்கே போயிற்று?

பெருமக்களே! ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் பரண்மேல் ஒரு பெட்டி உண்டு. பெட்டியில் பழம்படங்கள் உண்டு. நாற்காலியில் அமர்ந்தவர் யார், அவர் தோளருகே நிற்கும் பெண் யார், தரையில் அமர்ந்த சிறுவன் யார் என்று சொல்ல வீட்டில் ஒரே ஒரு முதியவர் இருப்பார். அவர் மறைந்த மறுநாள் அப்படம் தர்சுட்டன் நூலில் உள்ள படம்போல் ஆகிவிடும்: முகம் இருக்கும், பெயர் இராது. வெள்ளையன் செய்ததைக் குற்றம் என்போர், அதே குற்றத்தைத் தம் வீட்டிலேயே செய்யலாமா?

செய்ய வேண்டுவது சிறிது. இன்றே அப்படங்களை எடுத்து, முதியவர் அருகில் அமர்ந்து, ஒவ்வொன்றன் பின்புறத்திலும் மென்மையான கரிக்கோலால் தமிழில் எழுதுக: பெயர், ஊர், தொழில், ஆண்டு, உறவு. மைக்கோல் வேண்டா, மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். கூடத்தின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுக, படமெடுத்தவனும் உழைப்பாளியே. படங்களை ஈரமில்லா இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் தாளிடையிட்டு வைக்க. கடற்கரை ஊர்களின் இளைஞர்கள் ஒருபடி மேலே செல்க. 1961இல் கடலில் இறங்கியோருள் இருப்பவரை நாடி, அவர் பெயரையும் அவருடன் இறங்கியோர் பெயரையும் கேட்டெழுதுக. மூழ்கியவர் பெயர் கொண்ட ஓர் ஏடு இக்கரையில் எழட்டும்.

புலிமான்கோம்பையில் கல்வெட்டியவன் கையிற் கருவி ஓர் உளிதான். அவன் பெயரை விட்டுவிடவில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி இருக்கிறது. நாள்தோறும் ஆயிரம் முகங்கள் பதிகின்றன. பெயரெழுதத் தமிழும் இருக்கிறது. எழுதுவோர் எழுதுக, எழுதாதோரை எழுதத் தூண்டுக. வாழ்க தமிழ்!